உப்பு மூட்டையும் சர்க்கரை மூட்டையும்: உயிரணுச் சவ்வு பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

மலர்க் குழுவினர் தங்கவயலைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டபோது சுரங்கத்தைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி எல்லாம் மூடப்பட்டது ஆகியவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள், ஷாஃப்டில் இறங்கி வேலை பார்த்த பெரியவர்கள், நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் தராசுக்குப் பின்னால் நின்றவன். பேத்தமங்களாவில் 'நயினார் கடை' என்றால் வயதானவர்களுக்குத் தெரியும். ஆகவே எனக்குத் தெரிந்த சரக்கைக் கொண்டு எழுதுகிறேன். ஒன்று உப்பு, ஒன்று சர்க்கரை. இந்த இரண்டும் சேர்ந்து மனித உடம்பின் ஒரு கதவைத் திறக்கின்றன என்று உலகம் கண்டுபிடித்த வரலாறுதான் இக்கட்டுரை. அதை நான் தேடிப் படித்ததற்கு என் வீட்டில் ஒரு காரணம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேத்தமங்களாவின் பழம்பெயர் விஜயாதித்தமங்கலம். பாண அரசன் விஜயாதித்தன் பெயரால் அமைந்த ஊர். பாலாற்றை மறித்துக் கட்டிய பெரிய ஏரி இவ்வூரின் உயிர். பத்தாம் நூற்றாண்டில் நொளம்ப அரசர் காலத்திலேயே அதைப் பழுது பார்த்திருக்கிறார்கள் என்றால் அதன் வயதை ஊகித்துக்கொள்ளலாம். தங்கவயலில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சுரங்கம் வெட்டி, வடாற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான நம் மக்கள் வந்து தட்டிக் குடிசைகளில் குடியேறிய பிறகு, அங்கே குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் ஏரித் தண்ணீரை வடிகட்டிக் குழாய் வழியாகச் சுரங்கத்து ஊர்களுக்கு அனுப்பும் ஏற்பாடு செய்தார்கள். மாரிக்குப்பத்திலும் ஊரிகாமிலும் குழாயைத் திறந்தால் வந்தது பேத்தமங்களா தண்ணிதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. தங்கம் உங்களுடையது, தண்ணி எங்களுடையது என்று கடைக்கு வரும் தங்கவயல்காரர்களிடம் அப்பா வேடிக்கையாகச் சொல்வார்.

வடிகட்டுவது எங்கள் வீட்டில் வேறு வகையிலும் நடந்தது. நாங்கள் தமிழ்ச் சமணர்கள். தாத்தா ஆரணிப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்காக வந்தவர். தண்ணீரைத் துணியால் வடிக்காமல் குடிக்கக் கூடாது, நீரிலே உயிர்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ஊறு செய்யலாகாது என்பது எங்கள் ஒழுக்கம். அம்மா பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிப்பார். வடித்த பிறகு அந்தத் துணியை அலசி அந்த நீரைக் கிணற்றிலேயே விட வேண்டும், உயிர்கள் தம் இடத்துக்குப் போகட்டும் என்று.

2003ஆம் ஆண்டு ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் வங்காளதேசக் கிராமங்களில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். பழைய பருத்திப் புடவையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து வடிகட்டிய குடும்பங்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 48 சதவீதம் என்பது கணக்கு. காலராக் கிருமி தனியாக வந்தால் துணியின் கண் வழியே தாராளமாகப் புகுந்துவிடும். ஆனால் குளத்து நீரில் அது பெரும்பாலும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகளின்மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. பூச்சி துணியில் நின்றுவிட்டால் கிருமியும் நின்றுவிடும். புதுத்துணியைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த துணியே மேலாம், நூல் பிரிந்து கண் சிறுத்துவிடுகிறதல்லவா! இதைப் படித்துவிட்டு நம் முன்னோர்கள் காலராவையே அறிந்திருந்தார்கள் என்று மேடையில் பேசிய ஒருவரை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் பூச்சி சாகக் கூடாது என்று வடித்தார்கள். அதனால் மனிதனும் பிழைத்தான். அவ்வளவே.

ஆனால் துணி பாதியைத்தான் தடுக்கும். 1966ஆம் வருஷம் கோடையில், எனக்கு ஏழு வயது, என் தங்கைக்கு மூன்று. ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. வயிறு புண்ணாகிவிட்டது, அதற்கு ஓய்வு வேண்டும், வாய்வழியே ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்களும் சொன்னார்கள், வைத்தியம் தெரிந்தவரும் சொன்னார். அவள் "தண்ணி, தண்ணி" என்று கேட்டாள். அம்மா ஈரத்துணியால் உதட்டை மட்டும் நனைத்தார். கண் உள்ளே போனது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. மறுநாள் விடியற்காலை வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே முடிந்துவிட்டது. அந்தச் சமயம் எங்கள் கடையில் நூறு கிலோ உப்பும் சர்க்கரையும் இருந்திருக்கும்.

இருபது வருஷம் கழித்து, 1986 வாக்கில், சிறு பொட்டலங்களில் உப்புச் சர்க்கரைப் பொடி எங்கள் கடைக்கு விற்பனைக்கு வந்தது. பேதியாகும் குழந்தைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள் என்று போட்டிருந்தது. அம்மா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்படின்னா அன்னிக்கு அதுக்குத் தண்ணி குடுத்திருக்கலாமாடா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பி.யூ.சி.யோடு நின்றவன். பெங்களூர் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளிலும், பிறகு என் மகளின் விலங்கியல் பாடப் புத்தகத்திலும், தெரிந்த டாக்டர்கள் தந்த இதழ்களிலும் தேடித் தேடி அந்தப் பதிலைக் கண்டேன். அது சவ்வில் இருந்தது.

நம் உடம்பு கோடி கோடியான உயிரணுக்களால் ஆனது. செல் என்று பிள்ளைகள் படிக்கிறார்களே, அதுதான். ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. எவ்வளவு மெல்லியது? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் வருவது ஒரு நானோமீட்டர். சவ்வின் கனம் அதில் ஏழெட்டுதான். அது எதனால் ஆனது என்று முதலில் ஊகித்தவர் ஓவர்ட்டன் என்பவர். 1890களில் சூரிக் நகரில் செடியின் வேர்மயிர்களை வைத்துப் பார்த்தார். எண்ணெயில் கரையும் பொருள்கள் செல்லுக்குள் சுலபமாகப் போகின்றன, உப்புப் போன்றவை போவதில்லை. ஆகவே சவ்வு கொழுப்பால் ஆனதாக இருக்க வேண்டும் என்றார். அதே சமயத்தில் ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற அம்மையார், கல்லூரி வாசலை மிதிக்காதவர், சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவும் நீரின்மேல் எண்ணெய்ப் படலம் எப்படிப் பரவுகிறது என்று அளந்துகொண்டிருந்தார். 1891இல் அவருடைய கடிதத்தை ராலே பிரபு 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி வெளியிடச் செய்தார். பட்டம் இல்லாமல் படிக்கிறவர்களுக்கு அந்த அம்மையார் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

1925இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் கார்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து, நீரின்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல அது இரண்டு மடங்கு வந்தது. எனவே சவ்வு இரட்டை அடுக்கு என்றார்கள். அந்தக் கணக்கில் இரண்டு தப்பு இருந்ததாகப் பின்னால் தெரிந்தது. கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள். ஒரு தப்பு இன்னொரு தப்பைச் சரிக்கட்டிவிட்டது! பேரேடு எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மொத்தம் டாலியாகிவிடும், ஆனால் வரவிலும் பிழை, செலவிலும் பிழை. இங்கே கிடைத்த முடிவு மட்டும் சரியாகவே இருந்தது.

இரட்டை அடுக்குக் கொழுப்பு என்றால் உப்பு எப்படி உள்ளே போகும்? எண்ணெய்க்குள் உப்பு கரையாது, எந்தச் சமையலறையிலும் பார்க்கலாம். இதற்கு விடை, சவ்வில் பதிந்து கிடக்கும் புரதங்கள். 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் சவ்வுக்கு ஒரு படம் வரைந்தார்கள். சவ்வு இறுகிய சுவர் அல்ல. இளகிய எண்ணெய்போல் நகரும் கொழுப்பு, அதில் மிதக்கும் புரதங்கள். இந்தப் புரதங்களே வாசல்கள். தண்ணீருக்கு என்று ஒரு வாசல், குளோரைடுக்கு ஒரு வாசல், சோடியத்தை வெளியே தள்ள ஒரு பம்பு. ஒவ்வொன்றுக்கும் தன் சரக்கு எது என்று தெரியும். தண்ணீர் வாசலைப் பீட்டர் ஆக்ரே 1992இல் உறுதி செய்தார். 2003ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இவற்றுள் நம் கதைக்கு வேண்டியது ஒரே ஒரு வாசல். சிறுகுடலின் உட்சுவர்ச் செல்களில் இருக்கிறது. இந்த வாசலில் சோடியம் தனியாக வந்தால் கதவு திறக்காது. குளுக்கோஸ் தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறந்து மூவரையும் உள்ளே விடும். அவை போன பின்னாலேயே தண்ணீர் தொடரும், சவ்வூடு பரவல் விதிப்படி. இப்படி ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும் என்று ராபர்ட் கிரேன் 1960ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிராக் நகரக் கூட்டத்தில் முதன்முதலாகச் சொன்னார். காகிதத்தில் ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டினார், அவ்வளவுதான். அந்த வாசற்புரதத்தின் மரபணுவை எர்னஸ்ட் ரைட்டும் கூட்டாளிகளும் பிரித்தெடுத்தது 1987இல்.

இனி காலராவுக்கு வருகிறேன். என் தங்கைக்கு வந்தது காலராவா வேறு வகை வாந்திபேதியா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் உடம்பு வற்றிச் சாகும் விதம் ஒன்றுதான். இந்நோயில் சாவது கிருமியால் அல்ல, உப்பும் நீரும் போவதால் என்பதை 1831-32இலேயே இங்கிலாந்தில் ஓ'ஷானசி என்ற இளம் டாக்டர் இரத்தத்தைச் சோதித்துச் சொல்லிவிட்டார். பிற்காலத்தில் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டாரே, அதே ஓ'ஷானசிதான். 1832இல் லாட்டா என்பவர் உப்புநீரை நரம்பில் ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். ஆனால் வாய்வழி கொடுப்பது பயன்படாது என்றே மருத்துவ உலகம் நினைத்திருந்தது. காரணம், காலராவில் குடலின் உட்சவ்வே உரிந்து விழுந்துவிடுகிறது என்ற நம்பிக்கை. பிணத்தை அறுத்துப் பார்த்துச் சொன்ன முடிவு அது. செத்த பின் உரிவதை, உயிரோடு இருக்கும்போதே உரிந்ததாக எண்ணிவிட்டார்கள். வயிற்றுக்கு ஓய்வு கொடு, தண்ணி காட்டாதே என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் சொன்ன வார்த்தைக்கும் அந்த ஐரோப்பிய நம்பிக்கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாங்காக் நகரில் உயிரோடிருந்த நோயாளிகளின் குடலிலிருந்து துளி எடுத்துக் கங்கரோசா என்ற அமெரிக்க டாக்டர் குழுவினர் பார்த்தபோது உட்சவ்வு முழுசாக இருந்தது. அது வெளியானது 1960இல்.

அதற்கு முந்தின வருஷம், 1959இல், கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற டாக்டர் இன்னொரு முடிச்சை அவிழ்த்திருந்தார். காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைக் கிருமி ஒன்றுகூட இல்லாதபடி வடிகட்டினார். அந்தத் தெளிநீரை முயலின் குடற்துண்டில் விட்டார். குடல் நீரால் வீங்கியது. கிருமி வடிகட்டியில் நின்றுவிட்டது, நஞ்சு கீழே இறங்கிவிட்டது! இந்த நஞ்சு குடற்செல்லின் சவ்வில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சர்க்கரைத் தலைக் கொழுப்பைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. நுழைந்து குளோரைடு வாசலைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. குளோரைடு வெளியே கொட்டுகிறது, சோடியமும் தண்ணீரும் கூடவே போகின்றன, கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் வரை. சவ்வு கிழியவில்லை. ஒரு கதவு மூட முடியாமல் மாட்டிக்கொண்டது, அவ்வளவே. பக்கத்திலேயே உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும் கதவு பழுதில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதில் சரக்கை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. டே 1985இல் காலமானார். வாழ்ந்த காலத்தில் அவருக்கு நம் நாட்டில் கிடைத்த மரியாதை மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

யாருக்கும் தோன்றவில்லை என்பது முழு உண்மையும் அல்ல. 1953இலேயே கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து 'லான்செட்' இதழில் எழுதினார். ஏன் பலித்தது என்பதற்கு அன்று விளக்கம் இல்லாததால் உலகம் கவனிக்காமல் விட்டது. 1968இல் டாக்காவில் நாலின், கேஷ் என்ற இரு இளம் அமெரிக்க டாக்டர்கள் 29 நோயாளிகளிடம் கணக்கோடு செய்து காட்டினார்கள். அதன் பிறகும் இது பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும் செய்யக்கூடிய காரியம் என்றே இருந்தார்கள்.

1971இல் வங்கப் போரில் அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது பங்காவ்ன் முகாமில் காலரா. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள், ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் வேறு வழியில்லாமல் துணிந்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, இஸ்திரிப் பெட்டியால் வாய் ஒட்டி, முகாமுக்கு அனுப்பி, பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் தாயும் தமக்கையுமே டம்ளரில் மொண்டு கொடுக்கும்படி செய்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த சாவு நான்குக்கும் கீழே, 3.6 சதவீதத்துக்கு, வந்தது. நூற்றுக்கணக்கில் பொட்டலம் கட்டியவன் என்பதால் எனக்கு அந்த இஸ்திரிப் பெட்டி மறக்கவில்லை. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அடுத்த ஜனவரியில் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் கலவையை மாற்றியது. உப்பையும் குளுக்கோஸையும் குறைத்து, இப்போது லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கை நீளமாகப் போடக் கூடாது. அதிகமானால் சவ்வூடு பரவல் எதிர்த்திசையில் வேலை செய்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் கொடுக்க வேண்டும். குழந்தை துவண்டுவிட்டாலோ, குடிக்க முடியாமல் போனாலோ கைவைத்தியத்தில் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எங்கள் ஏரியைத் தாண்டின பாலாறு ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்குப் போகிறது. அந்த வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராமகிருஷ்ணாவும் குழுவினரும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஓர் ஆய்வு செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வழக்கமான கரைசல் ஒரு பிரிவுக்கு. அரிசிமாவு சேர்த்தது ஒரு பிரிவுக்கு. சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவு சேர்த்தது மூன்றாம் பிரிவுக்கு. வழக்கமான கரைசலில் பேதி கட்டுப்பட 91 மணி நேரம் ஆனது, அரிசிமாவில் 71, மூன்றாவதில் 57. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நல்ல கிருமிகளால் புளித்து, அதில் பிறக்கும் அமிலங்கள் பெருங்குடற் சவ்விலும் உப்பையும் நீரையும் உள்ளே இழுக்கின்றன. அரிசிக்கு விளக்கம் இன்னும் எளிது. அரிசி மாவு குடலில் சிறுகச் சிறுக உடைந்து குளுக்கோஸாகிறது. உப்புப் போட்ட கஞ்சி என்றால் அந்தக் கதவுக்கு வேண்டிய இரண்டு சரக்குமே அதில் இருக்கின்றன.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மாவுக்கு அதற்கு முன்பே பதில் சொல்லியிருந்தேன். 1966இல் இது உலகத்திலேயே நாலைந்து பேருக்குத்தான் அரைகுறையாகத் தெரியும், பிராக்கில் ஒருவர் படம் போட்டு ஆறே வருஷம், டாக்காவில் செய்து காட்ட இன்னும் இரண்டு வருஷம் இருந்தது, வெறும் தண்ணி கொடுத்திருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்காது, பெரிய டாக்டர்களே வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், நீ என்ன செய்வே என்றேன். ஒன்றும் பொய்யில்லை. அம்மா கேட்டுக்கொண்டு, "சரி" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கஞ்சியைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. மூன்று வயது, ஒன்றரை நாள். ஆனால் அன்றைக்கு எங்கள் அடுப்பில் உப்புக் கஞ்சி இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது, அதை நான்தான் குடித்தேன். அம்மா 2009இல் காலமானார். அவர் இருந்தவரை அந்த வேலூர் இதழைக் கடையின் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன், வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.